கிறிஸ்தவருக்குச் சட்டம் இல்லையா?

"கிறிஸ்தவனுக்கு ஏது ஹஜ்ரத் ஷரீஅத்? அதெல்லாம் யூதனுக்கல்லவா இருந்தது?"

அவிநாசியில் ஜும்ஆ முடிந்து, பள்ளிவாசல் படியில் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த வேளையில், பனியன் கம்பெனி நடத்தும் அன்பர் ஒருவர் என்னிடம் இவ்வாறு கேட்டார். கேட்டார் என்பதைவிட, விடையைத் தாமே எழுதிக்கொண்டு வந்து என்னுடைய கையொப்பத்தை மட்டும் வேண்டினார் என்பதே பொருந்தும். அன்று நான் கையொப்பம் இடவில்லை. ஏன் இடவில்லை என்பதைப் படியில் நின்றுகொண்டு விளக்க இயலவில்லை. ஆதலின் இங்கே எழுதுகிறேன்.

அவருடைய கம்பெனியில் ஓவர்லாக் எந்திரத்தில் தைக்கும் தொழிலாளி ஒருவர் உண்டு. ஐம்பதை நெருங்கிய வயது. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்திலிருந்து பிழைப்பை நாடி இங்கு வந்தவர். கிறிஸ்தவர்; ஆனால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை பொழுது சாயும் வரையில் எந்திரத்தைத் தொடமாட்டார், பணத்தையும் தொடமாட்டார். திருப்பூர் வட்டாரத்தின் வழக்கம் அறிந்தவர்களுக்கு இதிலுள்ள இடுக்கண் சொல்லாமலே விளங்கும். இங்கே வாரக் கூலி சனிக்கிழமைதான் பட்டுவாடா ஆகிறது, ஞாயிறு விடுமுறை. ஊரே கூலி வாங்கிக் கடைவீதிக்குப் போகும் நாளில் இவர் வேதத்தை விரித்துக்கொண்டு வீட்டில் அமர்ந்திருப்பார். வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே இதனைச் சொல்லித்தான் சேர்ந்தார். முதலாளியும் தலையசைத்துத்தான் சேர்த்துக்கொண்டார். ஈராண்டுகள் இடையூறின்றி நடந்தது. இப்போது ஏற்றுமதி ஆர்டர் ஒன்று நெருக்குகிறது. சனிக்கிழமையும் வா, இல்லையேல் வேறிடம் பார் என்கிறார். தைத்துக் கொடுத்த இரண்டு வாரக் கூலியும் நின்றுபோயிற்று. "சனிக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்" என்பது உத்தரவு.

அந்த உத்தரவுக்கு மார்க்கச் சாயம் பூசவே மேற்படிக் கேள்வி பிறந்தது. சட்டம் யூதனுக்குரியது, கிறிஸ்தவன் சட்டத்திலிருந்து விடுபட்டவன், ஆகவே இவன் சனிக்கிழமையைப் பிடித்துக்கொண்டு நிற்பது வெறும் பிடிவாதம் என்பது அவர் வாதம்.

இந்த வாதம் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தேன். நம் திருமறையிலிருந்து வரவில்லை. பேருந்து நிலையத்தில் நம் பிள்ளைகளின் கைகளில் ஆண்டுக்கணக்காகத் திணிக்கப்பட்டு வரும் துண்டுப் பிரசுரங்களிலிருந்து வந்தது. நியாயப்பிரமாணம் நுகத்தடி, கிருபையே விடுதலை. யூதர் அந்த நுகத்தைச் சுமந்து அழிந்தனர், முஸ்லிம்களோ இன்னும் சுமக்கின்றனர் என்று அவை கூறும். இதற்கு நம் மேடைகளில் கொடுக்கப்படும் மறுமொழி என்ன? பவுல் என்பவர் வந்து ஈஸா நபியின் மார்க்கத்தைக் கெடுத்துவிட்டார், அன்றிலிருந்து கிறிஸ்தவர்களுக்குச் சட்டம் இல்லை, தீர்ந்தது கதை. கைதட்டலும் தக்பீரும் முழங்கும். பிரசுரக்காரரும் மேடைக்காரரும் ஒருவரையொருவர் எதிர்ப்பதாக எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் இருவரும் ஒரே கூற்றைத்தான் கூறுகின்றனர்: கிறிஸ்தவருக்குச் சட்டம் இல்லை என்று! முன்னவர் அதைப் பெருமையாகச் சொல்கிறார். பின்னவர் பழியாகச் சொல்கிறார். எங்கள் பனியன் முதலாளியோ அதனை இலாபமாக்கிக்கொண்டார்.

அந்தக் கூற்றே பிழை என்பது என் வாதம்.

ஈஸா நபி (அலை) அவர்களைப் பற்றித் திருமறை என்ன சொல்கிறது? தமக்கு முன்னிருந்த தௌராத்தை மெய்ப்பிப்பவராகவும், முன்னர் விலக்கப்பட்டிருந்தவற்றுள் சிலவற்றை ஆகுமாக்குபவராகவும் அவர் வந்தார் என்று ஆலஇம்ரான் அத்தியாயம் கூறும். 'சிலவற்றை' என்னும் சொல்லைக் கவனியுங்கள். மாயிதா அத்தியாயம் தௌராத்தில் நேர்வழியும் ஒளியும் உண்டு என்று கூறிய கையோடு, இன்ஜீலிலும் நேர்வழியும் ஒளியும் உண்டு என்று கூறி, இன்ஜீல் உடையோர் அதில் அல்லாஹ் இறக்கியதைக் கொண்டே தீர்ப்பளிக்கட்டும் என்று கட்டளையிடுகிறது. சட்டமே இல்லாத மக்களிடம் தீர்ப்பளியுங்கள் என்று எவரேனும் சொல்வார்களா?

கிறிஸ்தவர்களின் நூலுக்கே போவோம். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் மலைப் பிரசங்கத்தில், நியாயப்பிரமாணத்தை அழிக்க வந்தேன் என்று எண்ணாதீர்கள் என்னும் பொருள்பட இயேசுவே பேசுகிறார். அவருக்குப் பின் எருசலேமில் இருந்த சீடர்கள் ஆலயத்துக்குப் போவதை விடவில்லை. நம்பிக்கை கொண்ட யூதர்களில் ஆயிரக்கணக்கானோர் நியாயப்பிரமாணத்தில் வைராக்கியம் உடையோராய் இருந்தனர் என்று அப்போஸ்தலர் நடபடிகளே சான்று கூறும். யூதரல்லாத மக்கள் அந்த நம்பிக்கைக்குள் வரத் தொடங்கியபோதுதான் சிக்கல் எழுந்தது. அவர்கள் கத்னா செய்யவேண்டுமா? மூஸா நபியின் சட்டம் முழுவதையும் ஏற்கவேண்டுமா? எருசலேமில் கூடி ஆலோசித்தனர். யாக்கோபின் கருத்துப்படி முடிவாயிற்று. கத்னா வேண்டாம், ஆயினும் சிலைகளுக்குப் படைத்தது, இரத்தம், கழுத்து நெரிபட்டுச் செத்தது, விபசாரம் ஆகிய இவற்றை விலக்கவேண்டும் என்பது அந்த முடிவு. இந்தப் பட்டியலைப் படிக்கும் நம் வீட்டுப் பெண்கள்கூட, "இது நமது ஹராம் பட்டியல் மாதிரி இருக்கிறதே" என்பார்கள். பவுலைக் கொண்டாடுவோரும் தூற்றுவோரும் இந்த அதிகாரத்தை அடிக்கடி படிப்பது நல்லது. சட்டத்தைத் தூக்கி எறிந்த கூட்டம் அன்று அது. எவருக்கு எந்த அளவுச் சட்டம் என்று முடிவு செய்த கூட்டம்.

பவுலும் பேதுருவும் அந்தியோகியாவில் முகத்துக்கு முகம் மோதிக்கொண்டதும் இதே பொருள் பற்றித்தான்: யூதரல்லாதாருடன் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணலாமா என்பது. சட்டம் அவர்களுக்கு எத்துணை உயிரான விவகாரமாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு? நூறு ஆண்டு கழித்து மார்சியன் என்பவர் தோன்றி, பழைய ஏற்பாடே வேண்டாம், அதன் கடவுள் வேறு என்று போதித்தார். உரோமாபுரிச் சபை 144ஆம் ஆண்டில் அவரை வெளியேற்றிவிட்டது. தௌராத்தை முற்றிலும் உதறித் தள்ளுவதைக் கிறிஸ்தவமே பிழைநெறி என்று தீர்மானித்துவிட்டது என்பதை நம் மேடைகள் ஒருநாளும் சொன்னதில்லை.

பிறகு சனிக்கிழமை எப்படிப் போயிற்று? வேத வசனம் ஒன்றினால் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூடி வழிபடும் வழக்கம் மிகப் பழமையானதே; அதனை மறுப்பது நேர்மையன்று. ஆனால் ஞாயிற்றை ஓய்வுநாளாக ஆக்கியது அரசாணை. 321ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர், நீதிமன்றங்களும் நகர மக்களும் தொழிற்கூடங்களும் ஞாயிறன்று ஓய்ந்திருக்கவேண்டும் என்று ஆணையிட்டார். உழவர்களுக்கு மட்டும் விலக்களித்தார். அந்த நூற்றாண்டிலேயே லவோதிக்கேயா என்னும் ஊரில் கூடிய ஆயர்கள், கிறிஸ்தவர் எவரும் யூதரைப்போல் சனிக்கிழமை ஓய்ந்திருக்கலாகாது, அன்று வேலை செய்யவேண்டும் என்று விதி வகுத்தனர். சனிக்கிழமை வேலைக்கு வா என்னும் உத்தரவு எங்கள் பனியன் முதலாளி தாமாகக் கண்டது என்று எண்ணியிருந்தேன். இல்லை, லவோதிக்கேயா ஆயர்களின் உத்தரவையே, அவர்கள் பெயரையும் கேட்டறியாமல், கலிமா சொன்ன இவர் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறார்!

அந்த விதி எங்கும் செல்லவும் இல்லை. நபித் தோழர்கள் அடைக்கலம் புகுந்த நஜ்ஜாஷி மன்னரின் அபிசீனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் ஆண் குழந்தைகளுக்குக் கத்னா செய்வார்கள், பன்றியிறைச்சியைத் தொடமாட்டார்கள். சனிக்கிழமையையும் ஞாயிற்றுடன் சேர்த்துக் கண்ணியப்படுத்துவார்கள். அங்கு இது குறித்து நெடுநாள் பூசல் நடந்து, 1450இல் சரா யாக்கோப் மன்னர் காலத்தில் கூடிய சபை இரு நாட்களையும் உறுதிசெய்தது. அவர்களும் கிறிஸ்தவர்களே.

அபிசீனியா வரையில் போவானேன்? நம் தமிழ்நாட்டிலேயே இந்த வழக்கு ஒன்று நடந்திருக்கிறது. அந்தத் தையற்காரரின் பாட்டனார் ஊருக்கு அண்மையில் நடந்தது. நான் முதன்முதலாகக் கேள்வியுற்றபோது, நமக்கு இத்தனை நாள் இது தெரியாமற் போயிற்றே என்று நாணினேன்.

முதலில் ஒரு சிறு செய்தி. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் பாதிரியார் தமிழில் மொழிபெயர்த்து முதலில் அச்சேற்றியது புதிய ஏற்பாடு. 1715இல் அது நிறைவுற்றது. பிறகே தௌராத் முதலான பழைய ஏற்பாட்டில் கைவைத்தார். ரூத் ஆகமம் வரையில் மொழிபெயர்த்த நிலையில் 1719இல் காலமானார். எஞ்சியதைச் சூல்ட்சே என்பவர் முடித்து, 1720களில் அது அச்சாயிற்று. ஆக, தமிழனின் கைக்கு விசுவாசம் முன்னே வந்தது, நியாயப்பிரமாணம் பின்னே வந்தது. வேதத்தின் வரிசையோ நேர்மாறானது. பின்னே வந்த நூலைத் தமிழன் ஒருவன் எடுத்து வைத்துக்கொண்டு, முன்னே சொல்லப்பட்டதை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

அவர் பெயர் அருமைநாயகம். மக்கள் வழங்கிய பெயர் சட்டாம்பிள்ளை. திண்ணைப் பள்ளியில் மாணவர்க்குத் தலைவனாய் இருப்பவனை அப்படி அழைப்பது பழைய வழக்கம். இவரும் படிப்பில் முதல்வராய் இருந்து அப்பெயர் பெற்றவர் என்பர். 1823இல் பிறந்தவர். நாடார் சமூகத்தவர். நாசரேத்தில் மிஷன் உபதேசியாராக வேலை பார்த்து, அங்கிருந்த ஐரோப்பியப் பாதிரியாருடன் பிணக்குற்று 1850 வாக்கில் வெளியேறினார். அதற்குச் சற்று முன்னர், 1849இல், கால்டுவெல் ஐயர் அச்சமூகத்தாரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் நாம் போற்றும் அதே கால்டுவெல்தான். அந்நூல் அம்மக்களை அறிவிலும் சமயத்திலும் தாழ்ந்தவர்களாகச் சித்திரித்தது. அந்தப் புண் சட்டாம்பிள்ளையின் உள்ளத்தில் நெடுங்காலம் ஆறவில்லை. பிற்காலத்தில் அந்நூலுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர்.

1857இல், வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்த அதே ஆண்டில், நாசரேத்தையடுத்த பிரகாசபுரத்தில் அவர் தனிச்சபை ஒன்றை நிறுவினார். இந்து கிறிஸ்தவ சபை என்று அதனை அழைத்தனர். வெள்ளையரின் பணமும் வேண்டாம், வெள்ளை ஆயரும் வேண்டாம். வேதம் மட்டும் போதும் என்றார். அந்த வேதத்தைத் தொடக்கத்திலிருந்து படித்தார். ஓய்வுநாள் என்று நூல் கூறுவது ஏழாம் நாள். ஆகவே சனிக்கிழமையே ஓய்வுநாள். பண்டிகைகள் என்று நூல் கூறுவது மூஸாவின் ஆகமங்களில் உள்ளவை. ஆகவே அவற்றையே கொண்டாடவேண்டும். வழிபாட்டில் நறுமணப் புகை உண்டு, சாஷ்டாங்கமாக விழுந்து வணங்குதல் உண்டு. ஆகவே பெஞ்சில் அமர்ந்து பாடும் ஐரோப்பிய வழக்கம் வேண்டாம். பெண்களின் தீட்டு, தூய்மை பற்றி லேவியராகமம் கூறும் விதிகள் ஐரோப்பியருக்கு வியப்பாக இருக்கலாம். தமிழ் வீட்டுக்கு அவை புதியனவல்ல. எபிரெயரின் வழக்கத்துக்கு அருகில் இருப்பது தமிழனின் வழக்கமே. ஐரோப்பியன்தான் தன் நாட்டு நடையை வேதத்தின் தலையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்பது அவருடைய துணிபு.

அவர் கேட்ட கேள்வியின் கூர்மையைப் பாருங்கள். ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டில் பத்துக் கட்டளைகள் ஓதப்படும். ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்கச் சொல்லும் கட்டளையும் அவற்றுள் ஒன்று. அதனை ஓதிவிட்டு, அந்தக் கட்டளை குறிக்கும் நாளில் வயலுக்குப் போவதையும், வேறொரு நாளில் சந்தைக்குப் போனவனைக் கண்டிப்பதையும் என்னென்பது? சட்டம் ஒழிந்ததென்றால் ஏன் ஓதுகிறீர்? சட்டம் நிற்கிறதென்றால் ஏன் நாளை மாற்றினீர்? இதற்கு மிஷனின் விடை என்ன? சட்டத்தில் அறநெறி வேறு, சடங்கு வேறு, அரசியல் வேறு. அறநெறி மட்டும் நிற்கும், மற்றவை கழிந்தன என்று அவர்களுடைய பேரறிஞர்கள் நெடுங்காலமாகப் பகுத்து வைத்திருக்கிறார்கள். நல்ல பகுப்புத்தான். ஆனால் ஓய்வுநாள் எந்தப் பெட்டியில் என்று கேட்டால் பெட்டி உடைகிறது. ஓய்வது அறநெறி, எந்த நாள் என்பது சடங்கு என்று கூறுவர். அந்தக் கோட்டைப் போட்டது எந்த வசனம் என்பதே சட்டாம்பிள்ளை கேட்டது. நூலைக் காட்டி அவர்கள் இங்கு வந்தார்கள். நூலைக் காட்டியே அவர் கேட்டார். இறுதியில் அவர்கள் காட்டியது சபையின் வழக்கத்தை.

அவர் சபை பெரிதாய் வளரவில்லை. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சனிக்கிழமையைக் கைக்கொள்ளும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் மிஷனரிமார் அப்பக்கம் வந்தபோது, தங்களுக்கு முன்பே அந்நாளைக் கைக்கொண்டிருந்த தமிழர்களை அங்கே கண்டார்கள். புதுமை என்று அவர்கள் கொண்டுவந்தது பிரகாசபுரத்தில் பழமையாய் இருந்தது.

சட்டாம்பிள்ளை சொன்னதனைத்தும் சரி என்று நான் எழுதவில்லை. சாதி மானம் அவருடைய வேத விளக்கத்தோடு பின்னிக் கிடந்தது. அவர் இழைத்த நூலில் எது பக்தி, எது ரோஷம் என்று பிரித்துக் காட்டுவது எளிதன்று. அவமதிக்கப்பட்டவரின் வேத விளக்கம் அப்படித்தான் இருக்கும். நம்மவர் விளக்கங்களிலும் அது இருக்கிறது. யூத மார்க்க அறிஞர்களைக் கேட்டால், சனிக்கிழமை இஸ்ராயீலின் மக்களுக்கு விதிக்கப்பட்டது, பிறருக்கு நூஹ் நபியின் மக்கள் என்ற முறையில் ஏழு கட்டளைகளே போதும் என்பார்கள். இந்தியாவில் யூதர் புதியவரல்லர். எங்கள் ஊர் வழியே போகும் நெடுஞ்சாலை போய்ச் சேரும் கொச்சியில் 1568இல் கட்டப்பட்ட அவர்களுடைய தொழுகைக் கூடம் இன்றும் நிற்கிறது. ஊரிலுள்ள மற்றவர்களும் சனிக்கிழமை கடையடைக்கவேண்டும் என்பது அவர்கள் மார்க்கத்தின் விதி அன்று. நம் திருமறையும், சனிக்கிழமை அதில் கருத்து வேறுபட்டோர் மீதே விதிக்கப்பட்டது என்று நஹ்ல் அத்தியாயத்தில் கூறுகிறது. நமக்குச் சனியும் ஓய்வுநாளன்று, வெள்ளியும் ஓய்வுநாளன்று. பாங்கு சொன்னதும் வணிகத்தை விடுங்கள். தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்பதே ஜும்ஆவின் சட்டம். ஆதலின் சட்டாம்பிள்ளையின் விடையை நான் ஏற்கவில்லை. அவருடைய கேள்விக்குத் தலைவணங்குகிறேன்.

இங்கே கிறிஸ்தவ நண்பர் ஒருவர் குறுக்கிட்டு, "மௌலவி சாகிப், நீங்களும் முந்திய சட்டம் மாற்றப்பட்டது என்றுதானே சொல்கிறீர்கள்? நஸ்கு என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறீர்களே! நாங்கள் சொன்னால் மட்டும் குற்றமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய ஆணையைப் போட்டவனே புதிய ஆணையைப் போடுவது நஸ்கு. ஆணையே இல்லை, அன்பு மட்டும் போதும் என்பது நஸ்கு அன்று. ஒரு வட்டாட்சியர் போய் வேறு வட்டாட்சியர் வந்தால் உத்தரவு மாறலாம். தாலுகா கச்சேரியே இடிக்கப்பட்டது என்று எவரும் கொள்வதில்லை.

மேலும், முந்திய சட்டத்தை நாம் முற்றிலும் அடைத்துவிடவும் இல்லை. வேலூரில் நான் ஓதிய நாளில் 'நூருல் அன்வார்' பாடத்தில் இந்த இடம் வந்தது. நமக்கு முன்னிருந்தோரின் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்துமா? அல்லாஹ்வோ அவன் தூதரோ அதனை மறுக்காமல் நமக்கு எடுத்துரைத்திருந்தால் கட்டுப்படுத்தும் என்பது ஹனஃபி இமாம்களின் முடிவு. ஷாஃபிஈ அறிஞர்களில் பெரும்பாலோர் இதனை ஏற்பதில்லை. அவர்களுக்கும் சான்றுகள் உண்டு. ஆனால் கொங்குநாட்டு ராவுத்தர் ஜமாஅத்துகளில் பெரும்பாலானவை ஹனஃபி ஜமாஅத்துகளே. உயிருக்கு உயிர் என்று தௌராத்தில் விதித்திருந்தோம் என மாயிதாவில் அல்லாஹ் கூறுவதைக் கொண்டுதான், முஸ்லிமல்லாத குடிமகனைக் கொன்ற முஸ்லிமுக்கும் அதே தண்டனை என்று நம் இமாம்கள் வாதித்தனர். யூதரின் சட்டம் என்று முதலாளி இகழ்ந்த அந்தச் சட்டம், அவர் மத்ஹபின் உஸூல் நூலிலேயே அமர்ந்திருக்கிறது! எங்கள் உஸ்தாத் அந்தப் பக்கத்தை நடத்துகையில், "தௌராத்தை நையாண்டி செய்கிறவன் தன் கிதாபின் பக்கத்தைத் தானே கிழிக்கிறான்" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

இனி, வழக்குக்கு வருவோம். முதலாளி என்னிடம் கேட்டிருக்கவேண்டிய கேள்வி கிறிஸ்தவனுக்குச் சட்டம் உண்டா என்பதன்று. தமக்குச் சட்டம் உண்டா என்பதே. அதற்கு நம் நூல்களில் விடை நேராகவே இருக்கிறது.

கூலிக்கு ஆள் அமர்த்தும் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுமிடத்தில் ஷாஃபிஈ சட்ட நூல்கள், தொழுகையின் நேரங்கள் ஒப்பந்த காலத்திலிருந்து விலக்கப்பட்டவை. அதற்காகக் கூலியைக் குறைக்கலாகாது என்று கூறுகின்றன. அத்துடன் நிற்கவில்லை. யூதன் ஒருவனை ஒரு மாதத்துக்கு அமர்த்தினால் அவனுடைய சனிக்கிழமைகள் என்ன ஆகும்? அவர்களிடையே அது நிலைத்த வழக்கமாக இருக்குமாயின் அவையும் விலக்கப்பட்டவையே என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஃபத்வா கொடுத்திருக்கிறார். ஹிஜ்ரி 505இல் மறைந்தவர் அவர். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னர், தூஸ் நகரத்து மாமேதை ஒருவர், தம் மார்க்கத்தைச் சாராத கூலியாளின் ஓய்வுநாளைப் பற்றி அமர்ந்து சிந்தித்திருக்கிறார். பின்வந்தோர் கிறிஸ்தவரின் ஞாயிற்றையும் அதனோடு ஒப்பிட்டுப் பேசினர். அது உங்களுக்கு விதியா, உங்கள் வேதத்தில் எந்த அதிகாரம், உங்கள் ஆயர் அனுமதித்தாரா என்றெல்லாம் கஸ்ஸாலி அந்த யூதனைக் கேட்கவில்லை. வழக்கம் நிலைத்திருக்கிறதா, ஒப்பந்தம் செய்தவனுக்கு அது தெரியுமா என்பதே அவருக்குப் போதுமானதாயிற்று. எங்கள் தையற்காரரோ வேலைக்குச் சேரும்போதே வாய் திறந்து சொன்னவர். சனிக்கிழமைக்குக் கூலியும் கேட்காதவர். வெள்ளி வரையில் தைத்ததற்குத்தான் கேட்கிறார்.

ஹனஃபிகளாகிய நமக்கு ஷாஃபிஈ ஃபத்வா எதற்கு என்று முதலாளி கேட்கக்கூடும். ஜும்ஆவுக்காகத் தம் கம்பெனியின் முஸ்லிம் தொழிலாளருக்கு அவர் ஒரு மணி நேரம் விடுகிறார். அதற்குக் கூலி பிடிப்பதில்லை. மெச்சத்தக்க செயல். அந்தச் சலுகைக்கு அவர் எந்த மத்ஹபின் நூலையும் என்னிடம் கேட்டதில்லை.

தைத்த கூலியை நிறுத்தி வைத்ததற்கோ எந்த மத்ஹபும் இடம் தராது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்னார்கள் பெருமானார் (ஸல்). மறுமை நாளில் மூவருக்கு நானே எதிர்வழக்காடுவேன் என்று அல்லாஹ் கூறியதாக புகாரியில் வரும் செய்தியில், முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி கொடாதவன் மூன்றாமவன். அந்தக் கூலியாள் முஸ்லிமாக இருந்தால் மட்டும் என்று அங்கே இல்லை.

இகழப்பட்ட யூதச் சட்டம் இதில் என்ன சொல்கிறது தெரியுமா? கூலியாளின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கலாகாது என்கிறது லேவியராகமம். பொழுது சாயுமுன் கொடுத்துவிடு, அவன் உன் சகோதரனாயினும் அந்நியனாயினும் சரி, அவன் ஏழை, அதன்மேல் உயிரை வைத்திருக்கிறான் என்னும் பொருளில் உபாகமம் பேசுகிறது. கிறிஸ்தவரின் புதிய ஏற்பாட்டிலோ, யாக்கோபின் பெயரால் வழங்கும் நிருபம், அறுவடை செய்தவர்களிடமிருந்து பிடித்து வைத்துக்கொண்ட கூலி கூக்குரலிடுகிறது என்று செல்வரை எச்சரிக்கிறது. அந்த யாக்கோபுதான் எருசலேம் ஆலோசனையில் தீர்ப்புச் சொன்னவர் என்பது கிறிஸ்தவரின் பழைய நம்பிக்கை. மூஸாவின் சட்டத்தை விடாமல் பற்றி நின்றவரின் பெயரால் வழங்கும் நிருபத்தில் இந்தக் கூக்குரல் கேட்பது எனக்கு வியப்பளிக்கவில்லை. இதில் யூதச் சட்டம் எது, கிறிஸ்தவ விசுவாசம் எது, நம் ஷரீஅத் எது என்று பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் ஆகாது. சட்டம் நுகத்தடி என்று பிரசுரம் அச்சிடுவோர், நுகத்தடியை எடுத்துவிட்டால் இந்தக் கூலியாளுக்கு எதைப் பிடித்துக்கொண்டு நியாயம் கேட்கச் சொல்வார்கள்? முதலாளியின் கிருபையையா?

அத்தையற்காரரை நான் ஒருமுறை சந்தித்துப் பேசினேன். பவுலைப் பற்றியோ நீகாயா சபையைப் பற்றியோ அவர் ஒன்றும் பேசவில்லை. "எங்க தாத்தா காலத்துல இருந்து பழக்கமய்யா. ஒருநாள் விட்டா எல்லாம் விட்டுப் போயிடும்னு பயம்" என்றார். தொழுகையைப் பற்றி என் தாயார் சொன்னதும் ஏறக்குறைய இதே சொற்கள்தாம்.

சென்ற வெள்ளிக்கிழமை அதே படியில் முதலாளி மீண்டும் எதிர்ப்பட்டார். கஸ்ஸாலியின் ஃபத்வாவைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "வெள்ளி சாயங்காலமே ஒருத்தருக்கு மட்டும் கணக்கு முடிக்கணும்னா கணக்குப்பிள்ளைக்குச் சிரமம் ஹஜ்ரத்" என்றார்.

"கணக்குப்பிள்ளையை என்னிடம் அனுப்பி வையுங்கள் தம்பி, நானே உட்கார்ந்து கூட்டித் தருகிறேன்" என்றேன்.

இன்னும் அனுப்பவில்லை.